இரண்டு அடிச் சூனியப் பிரதேசம்

ஹூஸ்டன் பக்கத்துக் கேட்டி நகரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்தவன் டிரைவ்வேயின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்வீட்டு ராண்டியின் புல்லில் வரிசையாகச் சின்னச் சின்ன ரோஸ் நிறக் கொடிகள். நான் வளர்ந்த ஊரில் புல்லுக்குள் இப்படி எதையாவது நட்டிருந்தால் ஒரே அர்த்தம்தான்: கீழே மிதிவெடி, கால் வைக்காதே. இருபது வருஷமாக டெக்சாஸில் வரி கட்டுகிறேன், பிரிஸ்கெட் சாப்பிடுகிறேன். என் காலுக்கு மட்டும் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. பிக்கப் டிரக்கில் சாய்ந்து நின்ற ராண்டி கையசைத்தார். "சர்வேக்காரன் நட்டது. சனிக்கிழமை புது வேலி போடுகிறேன்" என்றார். காலைச் சமாதானப்படுத்திக்கொண்டு உள்ளே போனேன்.

வெடி மறுநாள் வெடித்தது. பழைய வேலி ராண்டியின் நிலத்துக்குள் இரண்டு அடி தள்ளி நிற்கிறது என்று சர்வே சொல்லிவிட்டதாம். அந்த இரண்டு அடியில்தான், அவருக்குப் பக்கத்து வீட்டு வசந்தியின் முருங்கை நிற்கிறது. வசந்தி ஈரோட்டுக்காரி, ஐ.டி.யில் மேனேஜர். உறைபனியில் இரண்டு தரம் பட்டுப்போய், இரண்டு தரமும் அடியிலிருந்து துளிர்த்த மரம் அது. வேலிக்காரர்கள் வந்தால் மரம் போய்விடும். பத்து வருஷமாக ஒருவர் பார்சலை மற்றவர் எடுத்து வைத்தவர்கள், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வசந்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, நீங்க ஸ்ரீலங்கால பார்டர் மானிட்டரிங் எல்லாம் பண்ணியிருக்கீங்களாமா. ராண்டிகிட்ட நீங்க பேசிப் பாருங்ணா. நான் பேசுனா அழுகை வந்துருது."

நான் பண்ணியது மொழிபெயர்ப்பு. யுத்தநிறுத்தக் காலத்தில், வெளிநாட்டுக் கண்காணிப்புக் குழுவில் லார்ஸ் என்ற ஆறரை அடி மனிதருக்கு வாயாக இருந்தேன். இராணுவத்தின் கடைசிக் காவலரணுக்கும் இயக்கத்தின் முதல் காவலரணுக்கும் நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு துண்டு நிலம் கிடந்தது. சூனியப் பிரதேசம் என்போம். ஒருநாள், முட்கம்பியை முன்னால் நகர்த்திவிட்டார்கள் என்று ஒரு தரப்பு முறைப்பாடு செய்தது. லார்ஸ் வீதியால் நடந்து காலடியில் அளந்தார். அந்த ஒட்டகக் காலின் கணக்கு செல்லாது என்று இரண்டு தரப்பும் சொல்லிவிட்டன. கடைசியில் என்னை நடக்கவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அந்த இரண்டு தரப்பும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் என் கால்தான். பெருமையாக எண்ணிக்கொண்டு போனேன். நூற்றுப்பத்தாவது அடியில், வீதியோரமாக எங்கள் வீடு வந்தது. கூரை இல்லை, கதவு இல்லை. கிணற்றடி மாமரம் மட்டும் வெட்கமில்லாமல் காய்த்திருந்தது. "இங்கே யாராவது?" என்று குறிப்பேட்டோடு லார்ஸ் கேட்டார். "நோபடி" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நான் நூற்றுப்பதினொன்று என்று எண்ணினேன்.

இந்த அனுபவத்தை வைத்துத்தான் வசந்திக்கு ஒரு யோசனை சொன்னேன். "ரெண்டு பேரும் இழுத்துக்கொண்டு நிண்டால் மரம்தான் போகும். அந்த ரெண்டடியைச் சூனியப் பிரதேசமா வைக்கச்சொல்லி ராண்டியோட கதைக்கிறன்."

வசந்தியின் முகம் வெளுத்துப்போயிற்று. "சூனியமா? ராண்டியா வெச்சிருக்காரு? அதானா ஒரு மாசமா எனக்கு மைக்ரேன்!"

"ஐயோ, இல்லையம்மா. எங்கட பக்கம் சூனியம் எண்டால் வெறும் இடம், ஒண்டுமில்லாத..." என்று நான் தொடங்குவதற்குள் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. போனைக் காதில் வைத்தபடி ஓடிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை வேலிக் கம்பத்தில், ராண்டியின் பக்கம் பார்த்தபடி, கறுப்பு நூலில் ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு பச்சை மிளகாயும் தொங்கின. நான் போய் அவிழ்ப்பதற்குள் ராண்டி முந்திக்கொண்டார். பத்து மணிக்கு வெறும் நூலைச் சுண்டுவிரலில் சுற்றியபடி என் வீட்டுக்கு வந்தார். "எனக்கு மிளகாய் என்றால் உயிர் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? முட்டையில் போட்டுச் சாப்பிட்டேன். பழத்தை ஐஸ் டீயில் பிழிந்துவிட்டேன். இவ்வளவு நல்ல மனுஷியிடம் இரண்டு அடிக்காகச் சண்டை போட்டேனே!" அவர் கண் கலங்கியிருந்தது. அது மிளகாயாகவும் இருக்கலாம். கண்காணிப்பு வேலையில் நான் கற்ற ஒரே வித்தை, எதை மொழிபெயர்க்காமல் விடுவது என்பது. வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் வசந்தி வீட்டுக்கு ராண்டியிடமிருந்து பீக்கன் பை என்ற அந்த ஊர் இனிப்புப் பண்டம் ஒன்று, மிளகாய் பிரமாதம் என்ற சீட்டோடு போய்ச் சேர்ந்தது. வசந்தி எனக்குப் போன் அடித்தாள். "தின்னுபோட்டாராங்ணா? கடவுளே, அவருக்கு ஒண்ணும் ஆகலையே?" சூனியம் வைத்தவர் என்று நம்பிய மனுஷனுக்காக இப்போது அவள் பதறினாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் உயிரோடுதான் புல் வெட்டுகிறார் என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை மாலை மூவரும் மரத்தடியில் கூடினோம். பழைய வேலியை ராண்டி ஏற்கெனவே பிடுங்கிவிட்டார். புது வேலி முருங்கையைச் சுற்றி வளைந்து போகும், காய் இரண்டு வீட்டுக்கும் என்று முடிவாயிற்று. எதையும் எழுதி வைக்க வேண்டும் என்பது ராண்டியின் கட்சி. நான் ஒரு கடதாசியில் படம் வரைந்தேன். மரம் நின்ற கட்டத்தை அவர் விரலால் தட்டினார். "இந்த இடத்தில் யார் என்று எழுதுவது?"

"நோபடி" என்றேன், பழக்கதோஷத்தில்.

"அதெப்படிங்ணா நோபடி?" என்றாள் வசந்தி. "மரம் நிக்குதுல்ல?"

பேனா அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கும் மரம் நின்றது. காய்த்தும் இருந்தது. பக்கத்தில் நானும்தான் நின்றேன், அந்த வீட்டில் வளர்ந்தவன். ஒருவரும் இல்லை என்று சொன்னது என் சொந்த வாய். இத்தனை வருஷம் கழித்து, ஒரு முருங்கையடியில், எனக்கு வெட்கமாக இருந்தது.

"மரம் ஒன்று, உயிரோடு" என்று எழுதிக் கொடுத்தேன். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். "சாட்சிக்கு நீயும் போடு" என்றார் ராண்டி.

"எந்தப் பக்கம் நின்று போடுவது?"

"நிற்கிற இடத்திலேயே போடு."

குனிந்து பார்த்தேன். வலது கால் வசந்தியின் புல்லில் இருந்தது. இடது கால், எனக்கே தெரியாமல், ரோஸ் நிறக் கொடியைத் தாண்டி ராண்டியின் புல்லில் இருந்தது. இரண்டையும் எடுக்காமல் கையெழுத்துப் போட்டேன்.