எட்டாம் நாற்காலிக்கு எதிரே

சும்மா சொல்லக் கூடாது, நான் பார்த்தவர்களிலேயே போக்கரை ஒழுங்காக ஆடியவர் டெல்மர் ப்ரூவிட்தான். தொலைக்காட்சியில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காருகிற பையன்களைப் பற்றி என்னிடம் சொல்லாதீர்கள், எரிச்சல் வரும். ரீனோ ஊர்ச் சீட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடமாக மேசைக்கு நடுவில் உட்கார்ந்து சீட்டுப் போடுகிறவள் நான். ஆடுகிறவர்கள் என் கையைப் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் எல்லோருடைய முகத்தையும் நான் சாவகாசமாகப் பார்த்திருக்கிறேன்.

டெல்மர் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணமான நாலாவது வருடம் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை. காலை ஒன்பதரைக்கு எங்கள் சீட்டறைக்கு வருவார், முன்பக்கச் சிற்றுண்டிக் கடையில் இரண்டு முட்டையும் பொரித்த உருளைக்கிழங்கும் சாப்பிடுவார், மூன்றாம் நாற்காலியில் உட்காருவார். நவம்பரில் ஊரே குடும்பத்தோடு வான்கோழி வெட்டுகிற நாளிலும் அதே ஒன்பதரை, அதே நாற்காலி. அன்றைக்கு எங்கள் முதலாளி ஓரமாக ஒரு மேசை போட்டு எல்லோருக்கும் வான்கோழிக் கறி இலவசமாகக் கொடுப்பார். டெல்மர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார்.

அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வருவதே அதிசயம். அதையும் பிடுங்கப் பார்ப்பவன் லாயிட். பழைய கார் விற்றுப் பிழைத்த வாயாடி, தினமும் தோற்பான், தினமும் வருவான்.

"யோவ் பெருசு, அந்த ரகசியத்தைச் சொல்லித்தான் தொலையேன்" என்பான்.

"பத்து கை வந்தா எட்டைக் கவுத்துட்டு ஒதுங்கிடு" என்பார் டெல்மர்.

"அவ்வளவுதானா? மீதி நேரம் என்ன பண்றது, ஈ ஓட்டுறதா?"

"மத்தவங்களைப் பாரு. நீ கவுத்த உடனே டிவில குதிரைப் பந்தயம் பாக்குற. நான் உன்னைப் பாக்குறேன்."

மேசையே சிரிக்கும். லாயிட்டும் சிரிப்பான், அடுத்த கையிலேயே ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு, காசுக்குப் பதிலாக வைக்கிற வில்லைகளை நடுவில் தள்ளுவான். திருந்துகிற ஜென்மமா அது?

டெல்மருக்கு இன்னும் சில பழக்கங்கள் உண்டு. தனக்கு முன்னால் இரண்டு பேர் பணம் ஏற்றிவிட்டால், நல்ல கையாக இருந்தாலும் யோசித்துத்தான் தொடுவார். கடைசியாகப் பேசுகிற இடம் அமைந்தால் மட்டும் கொஞ்சம் துணிவார், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரிந்த பிறகு செய்வது சுலபம் அல்லவா. சரியாக ஆடியும் கடைசிச் சீட்டு காலை வாரிவிட்டால் புலம்ப மாட்டார். "நான் போட்டது சரிதானே? சீட்டு அது இஷ்டத்துக்கு வரட்டும். அடுத்ததைப் போடு, டார்லா" என்பார். கோபம் வந்தால் எழுந்து போய், வண்டி நிறுத்துமிடத்தை மூன்று முறை சுற்றி வந்த பிறகுதான் மறுபடி உட்காருவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வார். "தோத்துட்டோம்னு தெரிஞ்சா கவுத்துடு. அவன் கையில என்ன இருக்குன்னு பாக்கணுங்கிற ஆசைக்குக் காசு போடாதே. போக்கர்ல அதைவிட வெட்டிச் செலவு கிடையாது."

இதையெல்லாம் அவரளவு தெரிந்த இன்னொரு ஆள் அந்த மேசையில் உண்டு. எட்டாம் நாற்காலி, டெல்மருக்கு நேர் எதிரே. நடீன்.

எழுபத்து நாலு வயதுப் பெண்மணி, சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி, நாக்கு சவரக் கத்தி. என்னைக் 'கண்ணு' என்பார், லாயிட்டை 'மண்டு' என்பார். டெல்மரை மட்டும் பதினொரு வருடமாக 'நீங்க' போட்டுத்தான் பேசுவார், பேசிக்கொண்டே அவர் வில்லைகளை வழித்து எடுப்பார். டெல்மரும் அப்படித்தான். மற்றவர்களிடம் காட்டுகிற தயவைக்கூட நடீனிடம் காட்ட மாட்டார். இரண்டு பேரும் ஒரு நாள் சேர்ந்து ஒரு காப்பி குடித்ததில்லை. ஆனால் நடீனிடம் நல்ல கை இருந்தால் மோதிரத்தைத் திருகுவார் என்பது டெல்மருக்குத் தெரியும். நடீன் வராத நாளில் டெல்மர் அரை மணி முன்னதாகவே எழுந்து போவார் என்பது எனக்குத் தெரியும். இதற்கு என்ன பெயர் வைப்பீர்களோ, வைத்துக்கொள்ளுங்கள்.

போன மார்ச்சில் நடீன் தன் இரண்டு சீட்டை இரண்டு முறை பார்க்க ஆரம்பித்தார்.

உங்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. எங்கள் மேசையில் அது பெரிய விஷயம். நல்ல ஆட்டக்காரர் ஒரு தடவை தூக்கிப் பார்ப்பார், மனதில் வைத்துக்கொள்வார், பிறகு தொட மாட்டார். அப்படித்தான் நடீன் ஆடினார். ஏப்ரலில் மூன்று முறை பார்த்தார். மே மாதம் தன் முறை வருவதற்கு முன்பே வில்லையைப் போட்டார், நான் திருப்பித் தள்ள வேண்டியிருந்தது. "மன்னிச்சுக்கோ கண்ணு, தூக்கம் சரியில்லை" என்றார். நாங்கள் நம்பினோம். நம்பாத ஒரே ஆள் டெல்மர், ஏனென்றால் அவர் குதிரைப் பந்தயம் பார்ப்பதில்லையே.

நடீன் தடுமாறுவதைக் கொஞ்ச நாளில் லாயிட்டும் மோப்பம் பிடித்துவிட்டான். அவர் பந்தயம் வைத்தால் போதும், "ஏத்து, ஏத்து" என்று தானும் ஏற்றுவான். அதில் தப்பில்லை, ஆட்டமே அதுதான். பலவீனம் தெரிந்தால் அடிக்க வேண்டும். அடிக்காத ஆளைத்தான் எங்கள் சீட்டறை தண்டிக்கும். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடினால் அது மற்றவர்களை ஏய்ப்பது, கள்ளக்கூட்டு. முப்பது நாள் உள்ளே கால் வைக்கக் கூடாது. வாசலிலேயே எழுதி மாட்டியிருக்கிறது.

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மற்றவர்கள் எல்லாம் கவிழ்த்துவிட்டார்கள், மிச்சம் டெல்மரும் நடீனும். நடுவில் எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டும் விரித்தாகிவிட்டது, அதில் ஒரு ராஜா. நடீன் பந்தயம் வைத்தார், மோதிரம் பக்கம் கையே போகவில்லை. டெல்மர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் சீட்டுகளைக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். நான் வாரி எடுக்கும்போது விரல் தட்டி இரண்டும் மல்லாந்துவிட்டன.

இரண்டும் ராஜா. நடுவில் இருந்ததோடு சேர்த்து மூன்று.

அதை ஒரு குழந்தைகூடக் கவிழ்க்காது. லாயிட், "அடேங்கப்பா! கல்யாணச் சாப்பாடு எப்ப பெருசு?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. நான் கையைத் தூக்கி மேற்பார்வையாளர் ராஸ்கோவைக் கூப்பிட்டேன். என் வேலை அது. இருந்தாலும் சொல்கிறேன், அன்றைக்கு என் கை சும்மா கிடந்திருக்கலாம். விரலும் என்னுடையது, கூப்பிட்ட வாயும் என்னுடையது.

நடீன் அந்த ராஜாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளா?" என்றார்.

டெல்மர் தன் வில்லைகளை அடுக்கத் தொடங்கினார்.

"எத்தனை நாளா எனக்குப் பிச்சை போட்டுக்கிட்டிருக்க?"

"நடீன், நான்..."

"என் பையன் கார் சாவியைப் பிடுங்கி வெச்சுக்கிட்டான். டாக்டர் என்னை விட்டுட்டு அவன் மூஞ்சியைப் பாத்துப் பேசுறார். கடைக்காரப் பொண்ணு என்னைப் பாத்து சத்தமா, மெதுவா, குழந்தைகிட்ட பேசுற மாதிரி பேசுறா. இந்த ஒரு நாற்காலிலதான்யா என்னை யாரும் ஐயோ பாவம்னு பாக்கல. இதையும் கெடுத்துட்டியே!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வில்லைகளை எடுக்காமலேயே எழுந்து போனார். ராஸ்கோதான் அதை ஒரு பையில் போட்டுப் பெயர் எழுதி வைத்தான். பெயருக்குப் பின்னால் என்ன எழுதுவது என்று எங்களைக் கேட்டான். நடீனின் குடும்பப் பெயர் என்ன என்று எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

டெல்மருக்கு முப்பது நாள் தடை. அதில் முதல் நாள் காலையே பார்த்தேன், தெருவுக்கு எதிர்ப்பக்கம் பேருந்து நிறுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேருந்து வந்தது, போனது, அவர் ஏறவில்லை. மறுநாளும் அப்படியே. மனுஷனுக்கு வேறு போக்கிடம் இல்லை. நாலாவது நாள் பொறுக்க முடியாமல் ஒரு காப்பியை வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டினேன்.

"டார்லா, நடீன் வீடு எங்கேன்னு தெரியுமா?"

"தெரியாது, டெல்மர்."

"போன் நம்பர்?"

"அதுவும் யாருக்கும் தெரியல."

"மோதிரத்தை எந்தப் பக்கம் திருகுவாங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார். காப்பியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. நான் திரும்பி வருகிற வழியெல்லாம் அழுதேன்.

முப்பத்தோராம் நாள் ஒன்பதரைக்கு மூன்றாம் நாற்காலிக்கு வந்துவிட்டார். எட்டாம் நாற்காலி காலி. வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று லாயிட் அங்கே போய் உட்காரப் பார்த்தான். டெல்மர் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். லாயிட் பழைய இடத்துக்கே போய்விட்டான். அந்த விஷயத்தில் அவன் நல்லவன்.

ஆறு நாள் கழித்து நடீன் வந்தார். கூடவே ஐம்பது வயது மகன். போயிசி ஊரில் ஏதோ முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறானாம், வண்டியில் பெட்டிகள் ஏற்றியாகிவிட்டதாம். கம்பித் தடுப்புக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்த்தான். "ஒரு மணி நேரம்மா, சரியா?" என்றான்.

"சரிடா, போய் ஏதாவது தின்னு" என்றார் நடீன். எட்டாம் நாற்காலியில் உட்கார்ந்தார். ராஸ்கோ அந்தப் பையைக் கொண்டுவந்து கொடுத்தான். டெல்மரைப் பார்த்து அவர் தலையைக்கூட அசைக்கவில்லை. "சீட்டைப் போடு, கண்ணு" என்றார்.

முக்கால் மணி நேரம் இருவரும் ஒரே கையில் மோதவே இல்லை. இந்த மனுஷன் மறுபடி விட்டுக்கொடுத்தால் அந்த அம்மாள் எதை எடுத்துக்கொண்டு போயிசிக்குப் போவார்?

பிறகு அந்தக் கை வந்தது. நடுவில் முதல் மூன்று சீட்டு: எட்டு, ஒன்பது, ராணி. நடீன் மோதிரத்தைத் திருகினார், பந்தயம் வைத்தார். எல்லோரும் கவிழ்த்தார்கள். டெல்மர் ஏற்றவில்லை, சமமாக மட்டும் போட்டார். நாலாவது சீட்டு மூன்று. நடீன் தன் சீட்டுகளைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், பந்தயம் கட்டினார். டெல்மர் மறுபடியும் சமமாக மட்டும். ஐந்தாவது சீட்டு இரண்டு. நடீன் மறுபடி தூக்கிப் பார்த்துவிட்டுப் பந்தயம் வைத்தார்.

டெல்மர் அசையவில்லை. சுவரோரம் மகன் வந்து நின்றுவிட்டான். 'கவிழ்த்துத் தொலைக்காதே' என்று எனக்குள் கத்தினேன். டெல்மர் நிதானமாக வில்லைகளை எடுத்தார், இரண்டு மடங்காக ஏற்றினார்.

நடீனிடம் மிச்சம் இருந்தது அதற்குச் சரியாக இருந்தது. அவர் டெல்மரின் முகத்தையே பார்த்தார், ரொம்ப நேரம். பிறகு எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார்.

டெல்மர் விரித்தார். ஜாக்கி, பத்து. எட்டிலிருந்து ராணி வரை ஐந்தும் வரிசை. நடீனிடம் ஒரு ராணி, ஒரு ஒன்பது, அதாவது இரண்டே ஜோடி. தோல்வி. டெல்மர் இரண்டு கையாலும் அத்தனை வில்லைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார், ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை.

"பாவி மனுஷா, ஊரை விட்டுப் போறவங்களைப் போயா?" என்றான் லாயிட்.

"நீ சும்மா இரு, மண்டு" என்றார் நடீன். முகமெல்லாம் சிரிப்பு. "டெல்மர், உங்ககிட்ட பெரிய கை இருக்குன்னு தெரிஞ்சுதான் போட்டேன். பெரிய கை வந்தா உங்க கழுத்துல, இடப் பக்கம், ஒரு நரம்பு துடிக்கும். பதினொரு வருஷமா பாக்குறேன்."

டெல்மர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தெரிஞ்சுமா காசு போட்டீங்க?"

"பாக்கணும்னு ஆசை. என்கிட்ட நிஜமா ஆடுவீங்களான்னு." எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். "வெட்டிச் செலவுதான். போகட்டும்."

மகன் கையைப் பிடித்துக்கொள்ள வந்தான், நடீன் பிடிக்க விடவில்லை. தானாகவே வாசல் வரை நடந்தார்.

டெல்மரின் கையைக் காட்டிக்கொடுக்கிற அடையாளத்தை நடீன் இத்தனை பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் மறுநாளே கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். டெல்மர் எப்போதும்போல மேல் பொத்தானைத் திறந்துவிட்டுத்தான் வந்தார். லாயிட்டுக்கு ஒரே கொண்டாட்டம், குதிரையை விட்டுவிட்டு ஒரு வாரம் அந்தக் கழுத்தையே பார்த்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, டார்லா. அந்தம்மா பாவ்லா காட்டிட்டுப் போயிட்டாங்களா?" என்று என் காதில் கேட்டான்.

நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் டெல்மருக்கு ஏஸ் ஜோடி வந்தது, ஒரு தடவை நாலு ஒன்பது வந்தது. எதிரே எட்டாம் நாற்காலி காலியாகக் கிடந்தது, நரம்பு அசையவில்லை. அது சீட்டுக்குத் துடித்த நரம்பு இல்லை, எனக்கு அது அப்போதே புரிந்துவிட்டது. லாயிட்டிடம் சொல்லவில்லை. எட்டாம் நாற்காலியை விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சீட்டுப் போட்டேன்.