நவ்பர் நானா கேட்ட பதினைந்து நாள் லீவு

காலை ஒன்பது மணிக்குக் கைபேசியில் நவ்பர் நானாவின் பெயர் தெரிந்தது. எடுத்த எடுப்பிலேயே, "எங்க நானா நிக்கிறீங்க? பாமசியில பிரிண்டர் வேலை செய்யலையாம், காலையிலிருந்து என் உயிரை வாங்குறாங்க" என்று எரிந்து விழுந்தேன். மறுமுனையில் இருந்தது அவருடைய மூத்த மகன் இம்ரான். "சேர், வாப்பா மௌத்தாகிட்டாங்க. சுபஹு தொழ எழும்பி, கைகால் கழுவி ஒளு செஞ்சிட்டு வந்து கதிரையில உக்காந்தாங்க. அவ்வளவுதான். லுஹருக்குப் பொறகு அடக்குறோம்" என்றான். இறந்த மனிதரின் தொலைபேசியில் நான் கடைசியாகப் பேசியது ஒரு பிரிண்டரைப் பற்றி. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கண்டியில் எங்கள் வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்களுக்கு அவரைத் தெரியாமலிருக்காது. கீழ்மாடியில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கும் கணினிப் பிரிவில், பேனையைக் காதில் சொருகிக்கொண்டு நடக்கும் அக்குறணைக்காரர். கட்டாரில் பல வருடம் சேர்வர் அறைகளில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆகவே எனக்கு நானா, அதாவது அண்ணன்; வேலையில் என்னைவிடப் பத்து மடங்கு தெரிந்தவர். ஆனால் பட்டச் சான்றிதழ் என்னிடம் இருந்தது, அதனால் நான் பிரிவுத் தலைவன். மற்றவர்கள் முன்னால் என்னை "சேர்" என்பார். பஸ்ஸுக்கு நடக்கும்போது "மூர்த்தி" என்பார். ஒரேயொரு தரம் தவிர இரண்டையும் மாற்றிச் சொன்னதில்லை.

வைத்தியசாலை நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதலாம். ஆனால் நான் அவருக்குச் செய்ததை எழுதாமல் அவர் செய்ததை எழுத முடியாது. ஆகவே முதலில் என் கதையைக் கேளுங்கள்.

எங்கள் வைத்தியசாலையின் கணினி வேலை முழுவதும் மூன்று பெரிய இயந்திரங்களில் நடக்கிறது. ஆய்வுகூடம், மருந்து கொடுக்கும் பாமசி, வார்டுகள், வருகைப் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி எதுவுமில்லை. அந்த மூன்று இயந்திரங்களுக்குள்ளே மென்பொருள் உண்டாக்கிய நாற்பது கணினிகள் குடியிருக்கின்றன. இடம் கொடுக்கும் இயந்திரத்தை நாங்கள் ஹோஸ்ட் என்போம். அந்த ஹோஸ்ட்களில் ஒரு வியாதி இருந்தது. நினைவகத்தை எடுத்தால் திருப்பித் தராது. தாதிமாரின் தலைவியான மேட்ரனுக்கு இதை நவ்பர் நானா விளக்கிய விதம் எனக்குப் பிடிக்கும்: "கலியாண வீட்டுல ஒருத்தன் பீங்கான எடுத்துச் சோறு தின்னுட்டு, கழுவித் திருப்பி வைக்காம அடுத்த பீங்கானை எடுக்குறான் மிஸ். ஒம்பதாம் நாள் குசினியில பீங்கானே இல்ல."

ஒன்பது நாளுக்கு ஒரு முறை மூன்றையும் அணைத்து எழுப்புவதுதான் எங்கள் வைத்தியம். உள்ளே இருப்பவற்றை அங்குமிங்கும் நகர்த்த வேண்டும். இடம் போதாததால் சிலவற்றை நிறுத்தி, பிறகு ஒழுங்கு தவறாமல் எழுப்ப வேண்டும். அந்த ஒழுங்கு நவ்பர் நானாவின் கைக்குத்தான் படிந்திருந்தது. ஒருமுறை அவர் மச்சினன் வீட்டுக் கலியாணத்துக்குப் போயிருந்தபோது நான் செய்தேன். தரவுத்தளம் எழும்புவதற்கு முன்னரே ஆய்வுகூடத்தை எழுப்பிவிட்டேன். காலை முழுவதும் இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்றும் வெளியே வரவில்லை. ஆய்வுகூடப் பொறுப்பாளர் மைதிலி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர், கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திப் பேசுவார். "ஓம் தம்பி, இண்டைக்கு முழுக்க நாங்கள் பேனையோடதான். நீங்கள் பதறாதேங்கோ" என்றார். அன்றைக்கு எனக்கு வியர்த்த வியர்வையில் சட்டையைப் பிழியலாம். அன்றே ஒரு சட்டம் போட்டேன்: நவ்பர் நானாவுக்கு எட்டு நாளுக்கு மேல் லீவு கிடையாது.

அந்தச் சட்டம்தான் அவருடைய உம்மாவின் வழியில் போய் நின்றது. உம்மாவுக்கு மக்காவுக்கு உம்ரா யாத்திரை போக ஆசை. கணவர் இல்லை, இவர் ஒரே மகன். மகன் கூட வராமல் போவதில்லை என்பது அவர்கள் வழக்கம். உம்ரா குழு போய்வரப் பதினைந்து நாள். உம்மாவின் முழங்கால் வருடத்துக்கு வருடம் மோசமாகிக்கொண்டிருந்தது.

முதல் தரம் கேட்டபோது கண்டிப் பெரஹரா ஊர்வலக் காலம். பாதி வீதி மூடியிருக்கும், ஆட்கள் வேலைக்கு வந்துசேருவதே பெரும்பாடு. "பெரஹரா முடியட்டும் நானா" என்றேன். இரண்டாம் தரம் பாமசிக்குப் புதிய மென்பொருள் வரவிருந்தது. "அது வந்து நிக்கட்டும்" என்றேன். மூன்றாம் தரம் காரணம் எதுவும் கைவசமில்லை. எரிச்சல்தான் இருந்தது.

"உம்மா கொஞ்சம் பொறுக்க மாட்டாங்களா நானா?"

"இப்ப நடக்குறாங்க சேர். அடுத்த வருசம் எப்பிடின்னு செல்லத் தெரியாது."

"நீங்க இல்லாத நேரம் ஏதும் ஆச்சுன்னா நான் யார்கிட்ட போய் நிக்கிறது?"

"சரி சேர்" என்று லீவுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி ஆறியிருப்பேன். அந்த மனிதர் ஏசவில்லை.

இரண்டு வாரம் கழித்து வேறு தாள்களோடு வந்தார். மூன்று ஹோஸ்ட்களையும் புதிய பதிப்புக்கு மாற்றும் திட்டம். புதிய பதிப்பில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டிருப்பதாகத் தயாரித்தவர்களே எழுதியிருந்தார்கள். அந்த மாற்றத்தை நான் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தேன். ஓடுகிற இயந்திரத்தைத் தொட எனக்குப் பயம். அதைப் பயம் என்று சொல்லாமல் பொறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தாளைப் புரட்டினேன். முதல் பக்கத்திலேயே, பிழைத்தால் பழையதற்கு எப்படித் திரும்புவது என்று எழுதியிருந்தார்.

"என்ன நானா, தொடங்க முந்தியே தோத்துப் போறதை எழுதியிருக்கீங்க?"

"ஏறுறதுக்கு முந்தி எறங்குற படி எங்க ஈக்குதுன்னு பாத்து வைக்கணும் சேர். பொறகு ஆறுதலா ஏறலாம்."

எனக்கு அதுவும் போதவில்லை. வியாதி அதுதான் என்பதற்கு அத்தாட்சி கேட்டேன். ஒன்பது நாளுக்கொருதரம் நாங்களே அணைத்து எழுப்பியதால், கொழும்பிலிருந்து எங்களுக்குச் சேவை தரும் ஆட்கள் எப்போது பார்த்தாலும் எல்லாம் சுகமாகவே தெரிந்தது. "மாத்திரைய நிப்பாட்டினாத்தான் நோய் வெளிய வரும்" என்றார் நவ்பர் நானா. நோயாளிகளோடு சம்பந்தமில்லாத கணினிகளை மட்டும் ஒரு ஹோஸ்டில் வைத்துவிட்டு அதை அணைக்காமல் விட்டோம். பதினோராம் நாள் காலை ஏழரைக்கு, ஊழியர்கள் விரல் வைக்கும் வருகைப் பதிவு இயந்திரம் செத்தது. வாசலிலிருந்து கன்டீன் வரை வரிசை. பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடி அலுமாரியைத் திறந்தால் அதற்குள் கரப்பான் குடும்பம். நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கிழிகிழியென்று கிழித்தார். நான் கீழே வந்தபோது நவ்பர் நானா நினைவகம் நிரம்பிய அந்தப் பதினோரு நாள் வரைபடத்தை அச்செடுத்து என் மேசையில் வைத்திருந்தார். கோடு மலையேறுவதுபோல் ஏறி முட்டி நின்றது. இனிச் சாக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் செய்தோம். அன்று வெளிநோயாளர் பிரிவு பூட்டு, வார்டுகளும் ஆறுதலாக இருக்கும். காலை எட்டுக்குத் தொடங்கினோம். முதல் ஹோஸ்ட் அரை மணித்தியாலத்தில் புதிய பதிப்போடு எழும்பியது. இரண்டாவதும் எழும்பியது, ஆனால் வலையமைப்பைக் காணவில்லை என்றது. பின்னால் கேபிள் செருகியபடியே இருக்க, கேபிளே இல்லாததுபோல் நின்றது. "வேணாம் நானா, விட்ருவோம்" என்றேன்.

"இருபது நிமிசம் பாப்போம்ன்னு எழுதி வச்சி ஈக்குது சேர். அது வரைக்கும் பாப்போம்."

பார்த்தார். ஒவ்வொன்றாகச் சோதித்தார். பதினெட்டாவது நிமிடத்தில் அவர் முகம் மாறியது. ஏதோ பிடிபட்டுவிட்டது என்று எனக்கே தெரிந்தது. இன்னும் பத்து நிமிடம் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் கொடுத்துமிருப்பேன், ஏனென்றால் இது சரிவராவிட்டால் உம்மாவின் பயணம் அன்றோடு சரி என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இருபதாவது நிமிடத்தில் விசைப்பலகையை இழுத்து, அந்த ஹோஸ்டைப் பழைய பதிப்புக்கே திருப்பினார். அது ஒன்றும் நடக்காததுபோல் எழும்பி வேலை செய்தது.

"ஏன் நானா? ஏதோ கண்டுபிடிச்சீங்க தானே?"

"கண்டேன். ஆனா வார்டுல ஆக்கள் படுத்திருக்காங்க. என்ட அவசரத்துக்கு அவங்களை வச்சி வெளாட ஏலாது."

லுஹர் தொழுதுவிட்டு வந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோறு தின்ன வைத்தார். பிறகு அவர் கண்டதைச் சொன்னார். இரண்டாவது ஹோஸ்ட் வேறு காலத்தில் வாங்கியது, அதன் வலையமைப்பு அட்டை வேறு இனம். முதலில் அந்த அட்டையின் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு மறுபடி ஏற்றினார். எழும்பியது, வலையமைப்பும் வந்தது. பின்னேரம் நாலரைக்கு மூன்றாவதும் முடிந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் சாய்ந்தவர், "மூர்த்தி, ஒரு டீ அடிப்போமா?" என்றார். பிரிவுக்குள் வைத்து என்னை மூர்த்தி என்றது அந்த ஒரு தரம்தான்.

ஒன்பதாம் நாள் பழக்கதோஷத்தில் தாதிமார் எல்லா நோயாளர் அட்டைகளையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மேட்ரன் இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டு, "இன்னும் நிப்பாட்டலையா? எத்தனை மணிக்கு நிப்பாட்டுறீங்க?" என்று என்னை ஏசினார். நிறுத்தவேயில்லை. பன்னிரண்டாம் நாள் வரைபடத்தில் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அன்று மாலை அந்த மடித்த லீவுத் தாள் என் மேசைக்கு வந்தது. மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அவர் போய்வந்த பதினைந்து நாளும் எனக்கு அவரிடம் கேட்க ஒரு கேள்விகூட எழவில்லை. பேரீச்சம்பழப் பெட்டியோடு திரும்பிவந்தார். மூன்று தரம் மறுத்ததைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. இப்படியே நாலு வருடம் போனது.

ஜனாஸா வீட்டில் இம்ரான் என் கையைப் பிடித்து, "வாப்பும்மா உங்கள பாக்கணுமாம்" என்று உள்ளே கூட்டிப்போனான். நவ்பர் நானாவின் உம்மா சக்கர நாற்காலியில் இருந்தார். மகனைக் கொடுத்துவிட்டு இருக்கும் அந்தத் தாய் என்னைப் பார்த்து, "நீங்களா மகன் மூர்த்தி சேர்? நீங்க லீவு தந்ததாலதான் நான் என்ட கண்ணால கஃபாவக் கண்டேன். என்ட கால் நிண்டு போகமுந்திப் போய்ட்டு வந்தேன். உங்களுக்கு எந்த நாளும் துஆ செய்றேன்" என்றார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அக்குறணையிலிருந்து கண்டி வரும்வரை த்ரீவீலருக்குள் அழுதேன். எனக்கு உரிமையில்லாத நன்றியை ஒரு தாயிடம் வாங்கிக்கொண்டு வந்த கயவன் நான்.

மூன்று வாரம் பொறுத்தேன். தூக்கமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி போய், உம்மாவின் முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "உம்மா, நான் லேசில லீவு குடுக்கல. மூணு தரம் கேட்டாரு, மூணு தரமும் இல்லைன்னு சொன்னேன். நீங்க நடந்து போயிருக்க வேண்டிய காலத்தை நான்தான் இழுத்தடிச்சேன்."

அவர் கொஞ்சமும் திடுக்கிடவில்லை.

"தெரியும் மகன். ஒவ்வொரு தரமும் என்கிட்ட செல்லுவான், சேர் இன்னைக்கும் இல்லைன்னுட்டார்ன்னு. நான் உங்கள ஏசுவேன். நல்லா ஏசியிருக்கேன்." முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன்தான் செல்லுவான், 'ஏசாதீங்க உம்மா, அவர் கெட்டவர் இல்ல, பயப்புடுறார். அந்தப் பயத்த நான் எடுத்துட்டேன்னா லீவு தருவார்'ன்னு."

அந்தப் போயா நாளில் அவர் ஹோஸ்ட்களை மட்டும் சரிசெய்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானா, பயம் முழுதாகப் போகவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். போன கிழமை நம் பிரிவின் தர்ஷினி பத்து நாள் லீவு கேட்டுத் தாளை நீட்டினார். இல்லை என்ற சொல் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, தாளை அவர் கையில் கொடுத்த பிறகுதான் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.