ஒன்பதாவது வானம்

ரோதியோன் கிளிமென்கோ லிதுவேனியாவின் துறைமுக நகரமான கிளைபேடாவுக்கு வந்து முப்பது வருஷமாகிறது. துறைமுகத்துக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் ஒன்பது மாடிக் குடியிருப்புகளின் லிஃப்டுகள் எல்லாம் அவர் கைப்பட்டவைதான். லிதுவேனிய மொழி மட்டும் நாக்கில் ஏறவில்லை. அவசியமும் இருக்கவில்லை. லிஃப்டுக்கு எந்த பாஷையும் வேண்டாம், மனுஷர்களுக்கோ ருஷ்யன் தெரியும்.

சோவியத்திலிருந்து நாடு விடுதலையானதும் நிலைமை மாறியது. வேலையில் நீடிக்க மொழித் தேர்வில் தேறியாக வேண்டும் என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு முறை போனார். எழுத்துத் தேர்வை எப்படியோ ஒப்பேற்றிவிடுவார். எதிரே ஆள் உட்கார்ந்து கேள்வி கேட்டால் வாய் பூட்டிக்கொள்ளும். எண்கள், மாடிகள், உதிரிப் பாகங்கள், இவற்றுக்கான சொற்கள் மட்டும் அத்துப்படி.

அந்த இலையுதிர் காலத்தில் ஒரு புதன்கிழமை. பணிமனையில் போன் எடுக்கும் லியூட்சியா, நீங்கள் தேறுகிற வரைக்கும் உங்களிடம் ருஷ்யன் பேசமாட்டேன் என்று சபதம் போட்டவள், ஜன்னலைத் திறந்து லிதுவேனியனில் கத்தினாள்.

"மேஸ்திரி! பதினாலாம் நம்பர் கட்டடம். ஸ்கைத்ரே போன் பண்ணா. 'தேவிந்தாம் தங்குய்'னு உங்ககிட்ட சொல்லச் சொன்னா!"

மேலே கேட்பதற்குள் அடுத்த போன் அடித்தது. அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

தேவிந்தாம் என்றால் ஒன்பதாவதில். அது தெரியும். தங்குய்? 'தங்திஸ்' என்றால் மூடி. அப்படியானால் ஒன்பதாவது மாடியில் மூடி. லிஃப்டின் பொத்தான் பெட்டி மூடி கழன்றுவிட்டது! ஸ்கைத்ரே சக்கர நாற்காலியில் இருப்பவள். அந்தப் பெட்டி சரியாக அவள் கையெட்டும் உயரம். உள்ளே முழுக்க மின்சாரக் கம்பி.

அந்த லிஃப்டின் மோட்டார் வசந்தத்தில் எரிந்துபோயிருந்தது. மாற்று மோட்டார் புதிதாய் முளைத்த எல்லையைத் தாண்டி வரவேண்டும், வரவேயில்லை. பத்திரிகைக்குப் பிழை திருத்தும் ஸ்கைத்ரே, ஐந்து மாதம் ஒன்பதாவது மாடியிலேயே கிடந்தாள். மாதத்துக்கு இரண்டு தரம் அண்ணன் வந்து முதுகில் சுமந்து கீழே இறக்குவான். கடைசியில் ரோதியோன் பழைய மோட்டாரைப் பிரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தன் கையாலேயே செம்புக் கம்பி சுற்றினார். திங்களன்றுதான் லிஃப்ட் ஓடத் தொடங்கியது. இரண்டே நாளில் இப்படியா?

பதினாலாம் நம்பருக்கு ஓடினார். கீழே மின்சாரத்தை நிறுத்தலாமென்றால், லிஃப்டுக்குள் யாரோ இருந்தார்கள். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினார். ஆறாவது மாடியில் மூச்சு வாங்கியது. ஒன்பதாவதில் பார்த்தால் மூடி இருந்த இடத்தில் கச்சிதமாக இருந்தது, நான்கு திருகாணியும் உட்பட. ஸ்கைத்ரேயின் கதவைத் தட்டினார். பதிலில்லை. ஓங்கித் தட்டினார்.

பக்கத்து வீட்டு பிரான்சிஷ்கா தலையை நீட்டினாள். "யாருய்யா அது, கதவைப் பேத்துடப் போற! அவ வீட்டுல இல்ல."

"மூடி," என்றார் ரோதியோன், தனக்குத் தெரிந்த லிதுவேனியனில். "ஒன்பது. மூடி எங்க?"

"என்ன மூடி? காய்ச்சுற பானை மூடியா? என்கிட்ட கேக்குற?"

அந்நேரம் லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே ஸ்கைத்ரே, மடியில் ஒரு பை பேரிக்காய். தலைமுடி காதளவுக்கு அழகாக வெட்டியிருந்தது. ஐந்து மாதமாகச் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டவள் முதல் வேலையாக முடிதிருத்தகத்துக்குப் போய்வந்திருக்கிறாள்.

"மேஸ்திரி! நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"நீங்க போன். ஒன்பதாவது மூடி."

ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் சிரிக்கத் தொடங்கினாள். பேரிக்காய்கள் உருண்டோடின. பிரான்சிஷ்காவும் சேர்ந்துகொண்டாள். ரோதியோனின் காது சிவந்தது. குனிந்து பழங்களைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார்.

"நில்லுங்க," என்று ருஷ்யனில் கூப்பிட்டாள் ஸ்கைத்ரே. அவள் முகத்தில் சிரிப்பில்லை. "தப்பு என்மேல. அது மூடி இல்ல, வானம். தங்குஸ்னா வானம். ஒன்பதாவது வானத்துல இருக்கேன்னா, சந்தோஷம் தலைக்குமேல போயிடுச்சுன்னு அர்த்தம். உங்களுக்கு நன்றி சொல்லத்தான் முடிவெட்டுற கடையிலேருந்தே போன் பண்ணினேன். எனக்கு ஆபத்துன்னு நெனச்சு ஒன்பது மாடி ஏறி வந்தீங்களா?"

அவர் தலையாட்டினார். கையில் திருப்புளி இன்னும் இருந்தது.

"உள்ள வாங்க. டீ போடறேன்."

டீயும் கறுப்பு ரொட்டியும் வந்தன.

"எங்க பாஷையில ஏழாவது வானத்தோட சரி," என்றார் ரோதியோன். "நீங்க அதுக்கு மேல இன்னும் ரெண்டு மாடி கட்டியிருக்கீங்க."

"ஆமா. அதனாலதான் எங்களுக்கு லிஃப்ட் அவசியம்."

இந்த முறை அவரும் சிரித்தார். பிறகு அதே நகைச்சுவையை லிதுவேனியனில் சொல்லிப் பார்த்தார். ஸ்கைத்ரே வேற்றுமை உருபு ஒன்றைத் திருத்தினாள். மறுபடி சொன்னார்.

டிசம்பரில் மூன்றாம் தேர்வு. கண்ணாடி போட்ட அம்மாள், "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க" என்றாள். வழக்கம்போல் வாய் பூட்டிக்கொண்டது. பிறகு எங்கிருந்தோ ஒரு துணிச்சல். "நான் ஒருநாள் வானத்தை மூடின்னு நெனச்சேன்," என்று ஆரம்பித்தார். இலக்கணம் வழியெங்கும் சிந்தியது. ஆனாலும் கதை கடைசிவரை போய்ச் சேர்ந்தது. அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்தப் பேரிக்காய் எல்லாம் கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு கீழ் மாடி வரைக்கும் போயிடுச்சு," என்றார்.

தேர்ச்சிக்கு வேண்டியதைவிட இரண்டு புள்ளிகள் கூடுதலாக வாங்கித் தேறினார்.

துள்ளிக் குதிப்பார் என்று லியூட்சியா எதிர்பார்த்திருப்பாள். அவருக்கோ உடம்பெல்லாம் அசதி. புகைபோட்ட மீன் ஒன்று வாங்கிக்கொண்டு ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்தார். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. குழந்தை வண்டி தள்ளிவந்த ஒருத்தி பேருந்து நிலையத்துக்கு லிதுவேனியனில் வழி கேட்டாள். பாலத்தைத் தாண்டி இடதுபக்கம், வழுக்கும், பார்த்துப் போங்கள் என்றார். அவள் பாலத்தைக் கடந்த பிறகுதான், எந்தச் சொல்லையும் மனசுக்குள் தேடாமலே பதில் சொன்னது அவருக்கு உறைத்தது.