செல்வத்தின் ஜீப்பும் பாண்டியம்மாவின் முழங்காலும்

1. ஆளில்லாமல் வந்த வண்டி

போடியில் தோட்ட ஜீப்புகள் இருட்டோடு ஆளேற்றிக்கொண்டு மலைக்குப் போய்விடும். பொழுது சாயும்போதுதான் இறங்கும். நடுவில் ஒன்று என் பட்டறைக்கு வந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். அன்று சனிக்கிழமை காலை நான் டீ கிளாசைக் கையில் வாங்குகிறேன், செல்வத்தின் ஜீப்பு வாசலில் வந்து நின்றது. எஞ்சின் நன்றாக ஓடியது. பிரேக்கும் பிடித்தது. பின்னால் ஒரு ஆள்கூட இல்லை. அதுதான் கோளாறு.

செல்வம் சிலமலைக்காரன், நாற்பதைத் தாண்டியவன். அந்த ஊர்ப் பெண்களை ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பழம் எடுக்க ஏற்றிப்போய் இறக்குவது அவன் பிழைப்பு. வேறு சோலி கிடையாது. போன மாதம் என்னிடம் வந்து, வண்டியை 'மாஸாக' மாற்றித் தரச் சொன்னான். கல்யாண ஊர்வலத்துக்கா போகிறாய் என்று கேட்டுத் துரத்திவிட்டேன். எவனோ செய்துகொடுத்துவிட்டான்.

கண்றாவி! மட்கார்டுக்கு வெளியே பிதுங்கும் அகல டயர். கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஃபிலிம். ஊரையே எழுப்பும் சைலன்சர். மேலே வரிசையாக லைட். பாட்டுப் பாடும் ஹாரன். ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டு, அதைத் தாங்கும் ஷேக்கிளையும் நீளமாக்கி, வண்டியை ஒரு சாணுக்குத் தூக்கியிருந்தார்கள்.

"அண்ணே, ஒருத்தரும் ஏற மாட்டேங்குறாக."

"ஏன், கண்ணு கூசுதாமா?"

"வெளாடாதீங்கண்ணே. நேத்து பாண்டியம்மாக்கா ஏறையில வழுக்கி முழங்காலப் பேத்துக்கிருச்சு. இன்னைக்கு எல்லாரும் ராசிங்காபுரத்து ஜீப்புல போயிட்டாக. திங்கக்கெழமையும் நீ ஆள் கொண்டு வரலன்னா லைனை அவனுக்கே குடுத்துருவேன்னு தோட்டத்துச் சூப்பர்வைசர் போன் போட்டுட்டாரு."

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபத்தை முதலில் தீர்த்துக்கொண்டு, பிறகு ஜாக்கியை எடுத்தேன்.

2. கழற்றியது

புதிதாகப் பட்டறை வைக்கும் தம்பிகளுக்காகச் சொல்கிறேன். போடிமெட்டு ஏறும்போது மூடுபனி இறங்கினால் சும்மா கண்ணாடியிலேயே எதிரில் வரும் பஸ் தெரியாது. அதில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறவனை என்ன சொல்ல? டயர் வெளியே தள்ளினால் வீல் பேரிங் சீக்கிரம் போகும், ஸ்டீயரிங் கனக்கும். அந்த சைலன்சரின் புகை முழுக்கப் பின்சீட்டுக்குத்தான் போகும். மேலே எரியும் லைட், பனியில் பட்டுத் திரும்பி டிரைவர் கண்ணிலேயே அடிக்கும். இந்த நாலையும் கழற்றிக் கீழே போட்டேன்.

"ஆசையா போட்டதுண்ணே."

"ஆசையா இருந்தா வீட்டுச் செவுத்துல மாட்டு."

உயரத்தில் கை வைக்கப் போனபோதுதான் குறுக்கே வந்தான். "அத மட்டும் விடுங்கண்ணே. தோட்டப் பாதையில கல்லு இடிச்சு அடியில இருக்குற ஆயில் சம்பு எத்தன வாட்டி ஓட்டையாச்சு? நீங்கதான வெல்டு வச்சீக."

உண்மைதான். அந்த உயரத்துக்கு வேலை இருந்தது. நீள ஷேக்கிளை மட்டும் கழற்றிக் கொஞ்சம் இறக்கினேன், கூடுதல் பட்டையை விட்டுவைத்தேன். பழைய உயரத்துக்கு வராது. ஆகவே பின்னால் ஒரு படி வைக்க வேண்டும். எவ்வளவு உயரத்தில்? நான் என் காலைத் தூக்கிப் பார்த்து சாக்பீஸால் கோடு போட்டேன். பிறகு யோசித்து, "பாண்டியம்மாவக் கூட்டிட்டு வாடா" என்றேன்.

3. அளவு

ஞாயிற்றுக்கிழமை, முழங்காலில் கட்டோடு பாண்டியம்மா வந்தது. சிலமலைப் பெண்கள் எந்த வண்டியில் ஏறுவது என்பது அந்த அம்மாள் சொல்வதுதான். செல்வத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நான் போட்ட கோட்டைப் பார்த்துச் சிரித்தது.

"மேஸ்திரி, ஒன் காலை வச்சா அளந்த? நீ பேண்டு போட்டவன். நாங்க சேல கட்டி, ஒரு கையில தூக்குவாளியப் பிடிச்சு ஏறுறவுக."

பின்னால் செங்கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி ஏறச் சொன்னேன். முகம் சுளிக்காமல் ஏறிய இடத்தில் அளவு எடுத்தேன். படியை நிரந்தரமாக வைத்தால் கல்லில் அடிபடும் என்று முதலில் சங்கிலியில் தொங்கவிட்டேன். கால் வைத்ததும் உள்ளே ஓடியது.

"ஏய்யா, ஊஞ்சலா கட்டிருக்க?"

சரியென்று பழைய பஸ்சின் ஃபுட்போர்டுத் தகட்டை அறுத்து, கீல் வைத்து, கீழே முட்டுக் கொடுத்தேன். ஏறியதும் மடக்கிக் கொக்கியில் மாட்டிவிடலாம். பிடித்து ஏற இரண்டு பக்கமும் பைப் வெல்டு வைத்தேன். குளிரில் இரும்பு கையைக் கடிக்கும் என்றது பாண்டியம்மா. சைக்கிள் டியூபை அறுத்துச் சுற்றினேன். பார்க்க மகா அசிங்கம். செல்வம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசியாகப் பாட்டு ஹாரனைக் கழற்ற ஸ்பேனரை வைத்தேன்.

"அதுல கை வைக்காத!"

"இந்த நாராசம் எதுக்குத்தா?"

"விடியக்காலம் எங்க தெருவுல நாலு ஜீப்பு வருது. எல்லாம் ஒரே மாதிரி கத்தும். எந்த வண்டின்னு வாசலுக்கு ஓடி ஓடிப் பாக்குறதுக்குள்ள அடுப்புல கொழம்பு தீஞ்சு போகும். இது பாடுனா எங்க வண்டி. வெரசா வந்துருவோம்."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஆனாலும் கொண்டைஊசி வளைவில் இதைப் பாடவிட முடியாது. தெருவுக்கு ஒரு சுவிட்சு, ரோட்டுக்குச் சாதா ஹாரனுக்கு இன்னொரு சுவிட்சு என்று வயரைப் பிரித்துக் கொடுத்தேன்.

4. திங்கட்கிழமை

படி தாங்குகிறதா என்று பார்க்க நானும் செல்வத்தோடு போனேன். எங்களுக்கு முன்பே ராசிங்காபுரத்து ஜீப்பு தெருவில் நின்றது. இரண்டு பெண்கள் அதில் ஏறி உட்கார்ந்தும்விட்டார்கள். செல்வம் ஹாரனை அடிக்கத் தயங்கினான். "அமுக்குடா!" என்று அதட்டினேன். ஹாரன் பாடியது.

வீடு வீடாகக் கதவு திறந்தது. பாண்டியம்மா தூக்குவாளியோடு அந்த ஜீப்பைத் தாண்டி நேராக நம் வண்டிக்கு வந்தது. படியில் கால் வைத்து, பைப்பைப் பிடித்து, ஒருவர் துணையும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தது. ஏறியிருந்த இருவரும் இறங்கி வந்தார்கள்.

எல்லாரும் ஏறியதும் படியை மடக்கி மாட்டிவிட்டு, "எடுய்யா அப்பு, நேரமாச்சு" என்றது பாண்டியம்மா. செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான்.

இன்றைக்கும் வண்டியை மாற்ற வேண்டும் என்று யாராவது படத்தைக் காட்டிக்கொண்டு வருகிறார்கள். நான் படத்தைப் பார்ப்பதில்லை. "பின்னால ஏறுறவுகளக் கூட்டிட்டு வா, பேசுவோம்" என்கிறேன்.