பகல் பந்தியும் ஜப்பான் பெட்டியும்

தனராஜ் நைனார் வாழ்நாளில் ஒரு புழுவைக்கூடக் கொன்றதில்லை. ஆனால் புழுவைக் கொன்று எடுத்த பட்டில் மாங்காய் எங்கே விழ வேண்டும், அன்னம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் அவன் சாப்பிட்டான். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் குடும்பம். அவன் அம்மா தன் கல்யாணத்துக்கே பருத்திதான் உடுத்தியவள். அவனோ பிள்ளையார்பாளையத்தில் தறிகளின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டிகளுக்கு அட்டை குத்தினான். அட்டையில் ஓட்டை இருந்தால் நூல் எழும்பும், இல்லாவிட்டால் படுத்துக் கிடக்கும். அட்டை வெறும் காகிதம், அதில் எந்த உயிரும் போவதில்லை என்பது அவன் கட்சி. அந்தக் கட்சியில் அவன் ஒருவன்தான் உறுப்பினர்.

மாலையானால் அவன் கிடார்க்காரன். அரக்கோணத்து ரயில்வே கார்டு ஒருவரிடம் கற்றுக்கொண்டது. பழைய கிடார் ஒன்று, ரேடியோ கடையில் செய்து வாங்கிய ஆம்ப்ளிபயர் ஒன்று, இவ்வளவுதான் அவன் சாமான். 'கச்சி கீதம்' மெல்லிசைக் குழுவில் வாசித்தான். அதை நடத்தியவர் பட்டு முதலாளி வீரபத்திரன். பகலில் அட்டைக்கும் மாலையில் கிடாருக்கும் அவரே முதலாளி என்பதால், அவரிடம் 'முடியாது' என்று சொல்லும் பழக்கம் தனராஜுக்கு இரண்டு வேளையும் ஏற்படவில்லை.

குழுவில் மற்றவர்கள் கச்சேரி முடிந்து கல்யாண வீட்டில் உட்கார்ந்து வெளுத்துக்கட்டுவார்கள். சமணர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார்கள். அதனால் தனராஜுக்கு மட்டும், மேடையில் ஒயர் இழுக்கும் நேரத்திலேயே, வெறிச்சென்று கிடக்கும் பந்தலில் ஒற்றை இலை போட வேண்டியிருக்கும். ஆனால் அது ஒருநாளும் ஒற்றை இலையாக இருந்ததில்லை. வயலின் பஞ்சாட்சரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். நெற்றி நிறையத் திருநீறு, சைவர். அவருக்கு இருட்டுக்கும் சோற்றுக்கும் எந்தத் தகராறும் இல்லை. "தனியா துன்னா சோறு எறங்காதுபா" என்பார். தன்னுடைய சோற்றைச் சொல்கிறாரா, தனராஜின் சோற்றைச் சொல்கிறாரா என்று அவன் கேட்டதில்லை. குழுவில் இதற்குப் 'பகல் பந்தி' என்று பெயர்.

பஞ்சாட்சரத்துக்கு வயலின் இரண்டாவது பிழைப்பு. முதலில் அவர் தறியோரம் உட்கார்ந்து, பூ விழ வேண்டிய இடத்தில் நூல்களைக் கையால் தூக்கிக் கொடுத்தவர். தறிக்கு மேலே பெட்டி ஏறியதும் அவர் கீழே இறங்க வேண்டியதாயிற்று. அந்தப் பெட்டிக்கு அட்டை குத்தியவன், அப்போதுதான் தொழிலுக்கு வந்திருந்த தனராஜ். பஞ்சாட்சரம் இதை ஒளித்து வைக்கவில்லை, ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "என்ன எறக்கி உட்டதே நம்ம நைனார்தான். எங்க எறக்கி உட்டாரு? மேடையில!"

கேட்பவர்கள் சிரிப்பார்கள். தனராஜும் சிரிப்பான், கொஞ்சம் தாமதமாக.

எழுபத்தொன்பதாம் வருஷத்துச் சித்திரை வெயிலில் ஜப்பான் பெட்டி வந்து சேர்ந்தது. வீரபத்திரனின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கூடவே அதற்கென்றே செய்த ஒரு கிடார். இரண்டையும் இணைக்க விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கேபிள். பெட்டி முழுக்கக் குமிழ்கள். கிடார் சிந்தசைசர் என்று பெயராம். கிடாரைக் கிடார் மாதிரியே வாசித்தால் போதும், சத்தம் மட்டும் வேறு ஏதாவதாக வெளியே வரும்.

வீரபத்திரன் வீட்டுக் கூடத்தில் அதை மின்சாரத்தில் பொருத்தினார்கள். சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. யாரும் எதையும் தொடுவதற்கு முன்பே பெட்டிக்குள் ஏதோ மெல்ல இரையத் தொடங்கியது. தனராஜ் சகுனம் பார்க்கிறவன் இல்லை. இருந்தாலும் கையை வேட்டியில் ஒருமுறை துடைத்துக்கொண்டுதான் தந்தியைத் தொட்டான்.

வயலின் பேசியது. கையில் வில் இல்லை. ஒரு தந்தியைச் சுண்டிவிட்டுக் கையை எடுத்தாலும், இழைந்துகொண்டே நின்றது நாதம். இத்தனை வருஷம் சுண்டிய மறுகணமே செத்துப்போகும் ஓசைகளோடுதான் அவன் குடித்தனம் நடத்தியிருந்தான்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

"யார்பா அது வயலின்? என்ன உட்டுட்டு வேற ஆளு புட்ச்சிட்டீங்களா முதலாளி?" என்று சிரித்துக்கொண்டே பஞ்சாட்சரம் உள்ளே வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். வயலின் இல்லை. தனராஜையும் கேபிளையும் பெட்டியையும் வரிசையாகப் பார்த்தார்.

"ஆளு இல்லண்ணா" என்றான் தனராஜ். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்தது.

பஞ்சாட்சரம் குனிந்து பெட்டியின் தலையை, அடுத்த வீட்டுக் குழந்தையைத் தட்டுவதுபோல், இரண்டு தட்டுத் தட்டினார். "நல்லாத்தான் அழுவுது" என்றார். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வீரபத்திரன் மூடிமறைத்துப் பேசத் தெரியாதவர். அதையே தன் நல்ல குணமாகவும் சொல்லிக்கொள்வார். "பாரு தனராஜு, இது வந்துட்டா வயலின் எதுக்கு? வேன்ல ஒரு சீட்டு மிச்சம். ஆனா வாசிக்கிறவன் நீ. உனுக்கு வேணாம்னா வேணாம், மச்சான்கிட்டயே திருப்பிக் குடுத்துர்றேன். வைகாசி முகூர்த்தத்துல ஒரு பாட்டுக்கு மட்டும் மாதிரி பாரு. அப்புறம் சொல்லு."

ஆக, முடிவு அவனுடையது. முதலாளிகள் கொடுக்கும் பரிசுகளிலேயே கொடியது இதுதான்.

வீட்டில் மனைவி திரிசலாவிடம் சொன்னான். பஞ்சாட்சரத்தின் வயது, முன்பு ஒருமுறை அவர் பிழைப்பு போன கதை, இன்னொரு முறை அந்தப் பாவம் தன் கையால் நடக்கலாமா என்பது, எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னான். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நல்லா வாசிக்குதா அது?"

"இன்னான்னு சொல்றது... கை எடுத்தாலும் நிக்குது, திரிசலா. நிக்குது!"

அவள் முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அப்போ உங்களுக்கு அது வேணும். வேணும்னா வேணும்னு சொல்லுங்க. வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. பஞ்சாட்சரண்ணன முன்னால நிக்க வச்சிக்கினு பின்னால ஒளியாதீங்க."

மனைவி சரியாகச் சொல்லிவிட்டால் கணவனுக்குத் தூக்கம் வரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் அவனுக்கு வேறு ஒரு வழி தோன்றியது. அட்டை குத்துகிறவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி.

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாளி புதிதாக ஒரு டிசைன் கொடுப்பார். நெய்கிறவனுக்கு அது பிடிக்காது, ஆனால் எதிர்த்துச் சொல்ல வாய் வராது. அட்டைக்காரனிடம் வந்து தலையைச் சொறிவான். அட்டைக்காரன் மாதிரித் துணிக்கான அட்டையில் ஓர் ஓட்டையை இடம் மாற்றிக் குத்திவிடுவான். அன்னத்துக்கு மூக்குக் கோணிக்கொள்ளும். மாதிரியைப் பார்த்த முதலாளி, "இன்னாய்யா இது கண்றாவி, வேணாம் உட்டுடு" என்பார். யாரும் யாரையும் எதிர்த்துப் பேசவில்லை. எல்லோருக்கும் மானம் மிச்சம். இந்த நாகரிகத்தில் ஊரே பல காலம் சௌகரியமாக வாழ்ந்தது.

தனராஜ் பெட்டியோடு பழகியதில் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தான். தனித்தனியாகச் சுண்டினால் அது சொன்னபடி கேட்கும். விரலைத் தந்தியோடு இழுத்து, நம் ஊர்ப் பாட்டுக்கு வேண்டியபடி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கினால் தடுமாறிவிடும். எது நிஜச் சுரம் என்று தெரியாமல் நடுவில் அலறும். அவ்வளவு போதும். மூக்கைக் கோணலாக்கிவிடலாம். வீரபத்திரனே வேண்டாம் என்பார்.

முகூர்த்த வீடு சின்னக் காஞ்சிபுரத்தில். வெயில் இருக்கும்போதே பகல் பந்தி. பஞ்சாட்சரம் வழக்கம்போல் பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கமாகச் சாம்பாரைப் பற்றி ஏதாவது சொல்வார். அன்றைக்கு மோருக்கு வந்தபோதுதான் பேசினார்.

"அந்தப் பாட்டுக்கு நான் இன்னாபா பண்றது? எறங்கிப் போயிடவா?"

"ஐயோ, இருங்கண்ணா. சும்மா மடியில வச்சிக்கினு இருங்க. ஒண்ணும் ஆவாது, பாருங்களேன்."

"ஒண்ணும் ஆவாது" என்று பஞ்சாட்சரம் திருப்பிச் சொன்னார். அவர் வாயில் அது வேறு மாதிரி கேட்டது.

அந்தப் பாட்டு வந்தது. சோகப் பாட்டு. பஞ்சாட்சரம் வயலினை மடியில் படுக்கவைத்து, வில்லைத் தரையில் வைத்தார். பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் அடியைத் தனராஜ் ஒழுங்காக வாசித்தான். இரண்டாவது அடியில் விரலைச் சரேலென்று இழுத்தான். பெட்டி நெளிந்தது. இன்னும் இழுத்தான். இரண்டு சுரங்களுக்கு நடுவே பேர் தெரியாத ஒரு மிருகம் மாட்டிக்கொண்டதுபோல் அலறியது. அந்த நேரம் பார்த்து வாசல் சீரியல் விளக்குகளைப் போட்டார்கள். மின்சாரம் இறங்கியது. பெட்டியின் குரலும் அதோடு கீழே கீழே இறங்கி, ஈனமாக முனகிக்கொண்டே போயிற்று. தபேலா தடுமாறியது. பாடகி திரும்பிப் பார்த்தாள். பந்தலில் ஒரு குழந்தை வீரிட்டது.

பிறகு, நிசப்தம். தனராஜுக்கு நிம்மதி. மூக்கு நன்றாகவே கோணிவிட்டது.

அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. "ஒன்ஸ் மோர்!" என்று யாரோ கத்தினார்கள். பந்தல் முழுக்கப் பிடித்துக்கொண்டது. "அந்த அழுவுற பொட்டி! அத மறுபடி வை!" சமையல்காரர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள். வீரபத்திரன் மேடையோரம் நின்று, முதல் பேரனைப் பார்க்கிறவர்போல் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனராஜ் மறுபடி வாசித்தான். மறுபடியும். மூன்றாவது தடவை எங்கே இழுத்தால் கூட்டம் கத்தும் என்று அவன் விரலுக்கே தெரிந்திருந்தது. பஞ்சாட்சரம் மடியில் வயலினோடு கடைசிவரை நேராக உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை பிள்ளையார்பாளையத்தில் தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் தன் வீட்டு வாசலில் பஞ்சாட்சரம். இந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தனராஜ். நடுவில் வெயிலில் மின்னும் நூல்கள்.

"நைனாரே, நேத்து மூக்கக் கோணலா குத்திட்டியே" என்றார் பஞ்சாட்சரம்.

"தெரிஞ்சிதாண்ணா குத்தினேன்."

"அது தெரியும்பா. தறியாண்ட கெடந்தவனுக்கு அது தெரியாதா? ஆனா கோணல் மாதிரிய யாராண்ட காட்டணும்? முதலாளியாண்ட. நீ ஊராண்ட காட்டிட்ட. ஊருக்குக் கோணல்தானே புடிக்கும்?" சிரித்தார். சிரிப்பு பாவைத் தாண்டி வரவில்லை. "வாயால வேணாம்னு சொல்றதுக்கு அத்தினி கஷ்டமா இருந்ததா?"

"இப்பவே போயி சொல்ட்றேண்ணா. வேணாம்னு சொல்லத்தான் கெளம்பினேன்."

"சொல்லு."

பஞ்சாட்சரத்தின் பார்வை சற்றுக் கீழே இறங்கியது. தனராஜும் அங்கே பார்த்தான். சைக்கிள் கைப்பிடியில் அவன் இடக்கை விரல்கள் தாமாகவே வழுக்கி இழுத்துக்கொண்டிருந்தன, நேற்றைய அதே இழுப்பை. அவன் கையை எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்வதற்கு முன் இருவரும் பார்த்துவிட்டார்கள்.

"போபா, வெயில் ஏறிக்கினு இருக்குது" என்றார் பஞ்சாட்சரம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பகலில் அந்தத் தெருவில் யாரும் கதவைச் சாத்துவதில்லை.

வீரபத்திரன் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனராஜ் 'வேணாங்க' என்ற சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். அவர் பல் குச்சியும் கையுமாக வாசலிலேயே நின்றார். "இன்னாப்பா, சொல்லு" என்றார்.

தனராஜ் வாயைத் திறந்தான்.

"அந்தக் கேபிளு முனையில கொஞ்சம் லூசா இருக்குதுங்க" என்றான். "சிங்கப்பூருக்கு எழுதி இன்னொண்ணு கேக்கணும்."

வீரபத்திரன் தலையாட்டினார். அதற்கு மேல் அந்த விஷயத்தை யாரும் யாரிடமும் பேசவில்லை.

ஆனியில் அடுத்த கல்யாணம், செவிலிமேட்டில். வேனில் பஞ்சாட்சரம் உட்காரும் இடத்தில் பெட்டியை, அடிபடாமல் இருக்க அதன்கீழ் ஒரு தலையணை வைத்து, உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். 'கச்சி கீதம்' வந்துவிட்டது என்று கேட்டதும், பழக்கப்பட்ட பரிமாறுகிறவர் வெறிச்சோடிய பந்தலில் இரண்டு இலை போட்டுத் தண்ணீர் தெளித்தார்.

"இன்னொருத்தரு எங்க சாமி? திருநீறு போட்டுக்கினு வருவாரே?"

"வருவாரு" என்றான் தனராஜ். ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டதால் காத்திருக்க வேண்டியதாயிற்று. சோறு ஆறியது. பாலாற்றுப் பக்கம் சூரியன் சிவந்து, தென்னைகளுக்குப் பின்னால் போய், பிறகு இல்லாமல் போயிற்று. அவன் இலையை மூடிவிட்டு எழுந்தான்.

மேடையில் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் டிரம்ஸ் அடிக்கும் தர்மன் குந்தி உட்கார்ந்து, குமிழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தனராஜைக் கண்டதும் நிமிர்ந்தான். வேடிக்கையாகத்தான் கேட்டான்.

"ஏண்ணா, டிரம்ஸ் சத்தம்கூட இதுல வருமா?"

தனராஜ் கிடாரை மாட்டிக்கொண்டு, கேபிளைச் செருகினான். பெட்டி இரையத் தொடங்கியது. தர்மன் இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், சிரிப்பு முகத்திலிருந்து இறங்க மறந்துபோனவனாக.