நீலக்கட்டம் போட்ட புதுச்சட்டை

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது விருதுநகர் மெயின் பஜாரில் நடந்தது இது. வங்கி வேலையில் மாற்றலாகி வந்த எனக்கு அந்த ஊரில் அதுதான் முதல் ஞாயிற்றுக்கிழமை. பஜாரை ஒரு சுற்றுச் சுற்றினால்தான் ஊர் பிடிபடும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சாயங்காலம் கிளம்பிவிட்டேன்.

வத்தல் நெடியில் தும்மிக்கொண்டே பருப்பு மூட்டை, எண்ணெய்க் கடை, பாத்திரக் கடை என்று கண்ணில் பட்டதையெல்லாம் போனில் எடுத்துத் தள்ளினேன். எண்ணெய் பரோட்டாவை மட்டும் நாலு கோணத்தில் எடுத்து, உடனே ஸ்டேட்டஸிலும் போட்டேன். அதற்கெல்லாம் எனக்குச் சோம்பலே கிடையாது.

ஒரு ஜவுளிக்கடை வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். நாற்பது வயதிருக்கும். நீலக்கட்டம் போட்ட புதுச்சட்டை. காலருக்குள் இருந்த அட்டையைக்கூட எடுக்கவில்லை. நகக்கண்களில் வெள்ளி நிறம் ஒட்டியிருந்தது.

“மேடம், என்னையும் ஒண்ணு எடுப்பீகளா? பட்டாசுக் கம்பெனில வேல. எப்பவும் மருந்துப் பொடியோட இருப்பேன்னு வீட்டுல யாரையும் போட்டோ எடுக்க விட மாட்டேன். இன்னைக்குத்தான் ஆளு மாதிரி இருக்கேன்.”

அட்டையை உருவிவிட்டு, கையாலேயே தலையைக் கோதிக்கொண்டு பல் தெரியச் சிரித்தார். படத்தைக் காட்டியதும் வெட்கப்பட்டுப் போனார். அவரிடம் பட்டன் போன்தான். தன் பெயரையும் மகளின் வாட்ஸ்அப் எண்ணையும் சொன்னார். சரியான எண்தானா என்று ஒரு மிஸ்டு காலும் கொடுத்துப் பார்த்தேன். வீட்டுக்குப் போய் அனுப்புகிறேன் என்றேன்.

அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. இரண்டு முறை ஞாபகம் வந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தீபாவளி முடிந்ததும் போனில் இடமில்லை என்று காட்டியது. பஜார் படங்களை மொத்தமாக அழித்தேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் மனைவி. வேலை பார்த்த அறை வெடித்து அவர் இறந்து ஒரு வாரமாகிறதாம். பதினாறாம் நாள் போஸ்டருக்குப் படம் வேண்டும் என்றார்.

“அனுப்புவாக அனுப்புவாகன்னு தீவாளி முடிய மக போனப் பாத்துக்கிட்டே இருந்தாக மேடம். ஒரு போன் போட்டுக் கேளுங்கன்னேன். அவுக வேல சோலில இருப்பாக, தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுட்டாக.”

போன் முழுக்கத் தேடினேன். அதே பஜாரில் இரண்டு செல்போன் கடைகளில் கொடுத்துப் பார்த்தேன். அழித்து ரொம்ப நாளாகிவிட்டது, இனி எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அந்தம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். “பரவால்ல மேடம்” என்று வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அந்தப் போஸ்டரை ஆமத்தூர் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். ஆதார் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். யாருக்கோ பயந்து நிற்பது போன்ற, மங்கிய முகம். பெயரைப் படித்துத்தான் அவர் என்று தெரிந்துகொண்டேன். அங்கேயே அழுதுவிட்டேன்.

பஜாருக்கு இப்போதும் போகிறேன். அந்த ஜவுளிக்கடை வாசலை மட்டும் வேகமாகக் கடந்துவிடுவேன். யாரைப் படம் எடுத்தாலும் அவர்கள் எதிரிலேயே அனுப்பிவிட்டுத்தான் நகர்கிறேன். அந்த மகளின் எண்ணும் என் போனில் அப்படியே இருக்கிறது, அதற்கு அனுப்பத்தான் என்னிடம் ஒன்றும் இல்லை.