தன்மேலேயே புகார் சொன்ன ஹகீன்

பிரான்சில் த்ருவா நகரத்து யூதர்களிடையே அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நியாயம் கிடைக்காதவர் ஓய்வுநாள் தொழுகையில் எழுந்து நின்று வாசிப்பை நிறுத்தலாம். அவர் குறையைத் தீர்ப்பதாகச் சபை சொல்லும்வரை வேதச்சுருள் வெளியே வராது. ஹகீன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை அப்படி நிறுத்தினார்.

"யார் மேலய்யா புகார்?" என்றார் சபைத் தலைவர் விவாந்.

"என் மேலதான்."

"வீட்டுல சாப்பாடு ஆறுதுய்யா, சீக்கிரம்!" என்றது பின்வரிசை.

ஹகீன் வேத நூல்களின் விளக்க உரைகளைத் தோலில் படியெடுத்துக் கொடுப்பவர். ஏசாயா நூலின் உரையை எட்டு வீடுகளுக்கு எழுதித் தந்திருந்தார். அவர் பார்த்து எழுதிய பிரதி, திராட்சைத் தோட்டத்தில் உழைத்துப் பிழைத்து, பின்பு இறந்துபோன கிரெஸ்பினுடையது. அதன் ஓரங்களில் இருந்த வரிகளை, முன்பு எழுதியவர் விட்டுவிட்டுப் பிறகு சேர்த்த உரை வரிகள் என்று நம்பி, உரைக்குள்ளேயே எழுதிவிட்டார். அந்த வாரம் சந்தைக்கு வந்த வேறொரு பிரதியில் அந்த வரிகளே இல்லை. அவை கிரெஸ்பினின் சொந்தக் குறிப்புகள். இது தெரிந்தபின் தன்னிடம் யார் எழுதக் கொடுப்பார்கள்? ஹகீனுக்கு வேறு தொழில் தெரியாது.

அவர் நடந்ததைச் சொல்லி முடித்ததும் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கிரெஸ்பினின் மகள் ஃப்ளோரியா. "அண்ணே, எங்கப்பா எழுதினதா? எந்த இடம்?"

"திராட்சைத் தோட்டப் பாட்டுலம்மா. அங்க வர்ற ஒரு சொல் வேதத்துல வேற எங்கயும் இல்ல, அர்த்தம் நிச்சயமாத் தெரியாது. 'அடுத்தாப்புல கல் பொறுக்கினான்னு வருது. மண்ணைக் கொத்தாம யாரும் கல் பொறுக்க மாட்டான், அதனால இந்தச் சொல்லுக்குக் கொத்துறதுன்னுதான் அர்த்தம்'னு எழுதியிருக்கார்."

"அடப்பாவி! அதை உரைகாரர் வாக்குன்னு சொல்லித்தான்யா போன வருஷம் என் மருமகன் வாயை அடைச்சேன்!" என்றார் விவாந். கூடமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே தீர்ப்புச் சொன்னார்: "ஒரு வரியையும் சுரண்ட வேண்டாம். ஒவ்வொரு குறிப்புக்கும் தொடக்கத்துல கிரெஸ்பின் பேரு, முடிவுல 'இதுவரை'ன்னு போடுங்க. எட்டு வீட்டுக்காரங்களும் புத்தகத்தை ஹகீன்கிட்ட கொண்டு போய்க் கொடுங்க."

சுருள் வெளியே வந்தது.

மறுநாள் காலை ஹகீனின் கதவை முதலில் தட்டியவள் ஃப்ளோரியா. கையில் புதுத்தோல் கட்டு.

"எனக்கும் ஒரு படி வேணும்ணே. எங்கப்பா பேரோட."

"இன்னும் என்னை நம்புறியாம்மா?"

"ஊரைக் காக்கவெச்சுத் தப்பைச் சொன்ன ஆளு வேற யாரு இருக்கா? இந்தாங்க, பிடிங்க. கை வலிக்குது."

அதன்பின் பதினாறு ஆண்டுகள் ஹகீன் எழுதினார். ஒவ்வொரு படியின் கடைசியிலும் தன் பெயருக்குக் கீழே த்ருவா சபைக்கு ஒரு வரி நன்றி சேர்த்தார். இடம் போதாத தோலில் எழுத்தைப் பொடியாக்கியாவது அதை எழுதினார்.